காரணமும் தொடர்பும்

‘குதிரைகளுக்குப் புற்றுநோயும் நுரையீரல் நோயும் தரும் வைரஸ்’ என்று ஒரு தலைப்பு. கீழே நாலைந்து வரிகள். அவற்றைப் படித்து முடிப்பதற்குள் ‘தரும்’ என்ற சொல் எங்கோ நழுவி, ‘தொடர்புடையதாகக் கருதப்படும்’ என்று ஆகியிருக்கும். அறிவியல் செய்திகளை வாசித்துப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. தலைப்பு ஒன்று சொல்லும், செய்தி வேறொன்று சொல்லும், நாம் தலைப்பை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவோம்.

அந்தத் ‘தொடர்பு’ என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். இலக்கியம் பேசும் இடத்தில் குதிரைக்கு வரும் வியாதி எதற்கு என்று நண்பர்கள் கேட்கக்கூடும். எனக்கு இரண்டு நியாயங்கள் உண்டு. ஒன்று, கதை படிப்பவர்களும் எழுதுபவர்களும் மற்றவர்களைவிட எளிதாக விழும் குழி இது. இரண்டு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வந்தால் முன்னது பின்னதை விளைவித்தது என்று எடுத்துக்கொள்வது நம் வாசிப்புப் பழக்கம். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று கேலி செய்யத் தெரிந்த மொழிதான் நம்முடையது. ஆனாலும் ஒரு சிறுகதையில் காக்கை வந்து அமர்ந்துவிட்டால் பழம் விழுந்தே தீர வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம்.

இரண்டாவது நியாயம் சொந்தமானது. என் அப்பா நுரையீரல் நார்த்திசு நோயால் இறந்தார். நுரையீரலின் மென்மையான திசு மெல்ல மெல்லத் தழும்பாக இறுகிப்போகும் நோய் அது. பள்ளி ஆசிரியர், பீடி சிகரெட்டைத் தொட்டதில்லை. மருத்துவர் எங்களிடம் வீட்டில் புறா வளர்த்ததுண்டா, பஞ்சாலையிலோ கல்குவாரியிலோ வேலை பார்த்ததுண்டா என்றெல்லாம் கேட்டுவிட்டு, கடைசியில் ‘இடியோபதிக்’ என்று எழுதினார். காரணம் தெரியாதது என்று பொருள். மருத்துவரால் அந்தச் சொல்லோடு நிறுத்திக்கொள்ள முடிந்தது. குடும்பத்தால் முடியவில்லை. சித்தப்பா முப்பது வருடச் சாக்பீஸ் தூளைச் சொன்னார். அத்தை அவருடைய சைக்கிள் பயணங்களையும் பனியையும் சொன்னார். அம்மா வெள்ளிக்கிழமைதோறும் தான் போட்ட சாம்பிராணிப் புகையைச் சொல்லி இரவெல்லாம் அழுதாள். காரணம் இல்லாத மரணத்தை எங்களில் யாராலும் ஏற்க முடியவில்லை.

அப்பா போனபின் அந்த நோயைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்படித்தான் குதிரைகளிடம் வந்து சேர்ந்தேன்.

*

குதிரை மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் விலங்கு. ஓடிக் களைத்த நாயைப் போலவோ மனிதனைப் போலவோ வாயைத் திறந்து மூச்சு வாங்க அதனால் இயலாது. ஓய்வாக நிற்கும்போது நிமிடத்துக்குப் பத்துப் பதினைந்து முறை, பார்ப்பவருக்குத் தெரியாதபடி, விலா ஏறி இறங்கும். நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் ஒரு மூச்சு என்று கால்களும் நுரையீரலும் ஒரே தாளத்தில் இயங்கும். உச்ச வேகத்தில் ஓடும் பந்தயக் குதிரை நிமிடத்துக்கு 1500 லிட்டருக்கும் மேலாகக் காற்றை உள்ளிழுத்து வெளிவிடுகிறது. ஓடுவதற்கென்றே அமைந்த உடல் என்று குதிரையைச் சொல்கிறோம். அந்த ஓட்டம் முழுவதும் இந்த மூச்சை நம்பித்தான் இருக்கிறது.

அப்படிப்பட்ட விலங்கு, பெரும்பாலும் நடுவயதிலோ அதற்குப் பிறகோ, இளைக்கத் தொடங்குகிறது. விட்டுவிட்டுக் காய்ச்சல். இருமல். தீனியில் நாட்டமின்மை. சற்று நடந்தாலே களைப்பு. பிறகு நின்ற இடத்திலேயே மூச்சு வேகமாகி, மூக்குத் துளைகள் விரிந்தபடி இருக்கின்றன. நிமோனியா என்று எண்ணி ஆன்டிபயாடிக் கொடுத்தால் பலனில்லை. எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரல் முழுக்க முடிச்சு முடிச்சாக நிழல்கள். வேறெங்கோ தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவினாலும் படம் இப்படித்தான் இருக்கும். பூஞ்சைத் தொற்றிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். திசுவைச் சிறிது எடுத்து நுண்நோக்கியில் பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அந்த முடிச்சுகள் புற்றுநோய்க் கட்டிகள் அல்ல, தழும்புகள். காற்று நிரம்ப வேண்டிய நுண்ணறைகளைச் சுற்றிக் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் அடை அடையாகப் படிந்திருக்கும். எஞ்சிய அறைகளுக்குள் அழற்சிச் செல்கள் குவிந்திருக்கும். அவற்றில் சிலவற்றின் உட்கருவில் வைரஸ் இருப்பதற்கு அடையாளமான உள்ளடக்கப் பொருள்கள் தென்படும்.

இந்த நோய்க்குத் தனிப்பெயர் கிடைத்தது 2007-ல்தான். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் கர்ட் வில்லியம்ஸும் அவருடைய சக ஆய்வாளர்களும் இத்தகைய 24 குதிரைகளின் நுரையீரல் திசுக்களை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து, ‘குதிரைகளின் பல்முடிச்சு நுரையீரல் நார்த்திசு நோய்’ என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார்கள். அந்த 24 குதிரைகளில் 19-ல் குதிரை ஹெர்பீஸ் வைரஸ்-5 என்னும் வைரஸின் மரபுப்பொருள் இருந்தது. ஒப்பீட்டுக்காக எடுத்துக்கொண்ட, இந்நோய் இல்லாத 23 குதிரைகளில் இரண்டில் மட்டுமே அது இருந்தது.

இங்கே வாசகர் சற்று நிற்க வேண்டும். 24-ல் 19, 23-ல் 2. இந்த இரண்டு எண்களையும் பார்த்த மாத்திரத்தில் மனம் தீர்ப்பை எழுதிவிடுகிறது. என் மனமும் எழுதியது. ஆனால் அந்த ஆய்வுக்கட்டுரை தன் தலைப்பிலேயே ‘ஹெர்பீஸ் வைரஸோடு தொடர்புடைய’ என்றுதான் சொன்னது. விளைவிக்கும் என்று சொல்லவில்லை. அந்தத் தயக்கத்துக்கு என்ன தேவை என்று முதலில் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. வைரஸைப் பற்றி மேலும் வாசித்தபோதுதான் புரிந்தது.

*

ஹெர்பீஸ் வைரஸ்களின் பொதுக்குணம் ஒன்று உண்டு. ஒருமுறை உடலுக்குள் வந்துவிட்டால் அவை வெளியேறுவதில்லை. சிறுவயதில் நமக்கு அம்மை போட்ட வைரஸ் நரம்பு முடிச்சுகளில் பதுங்கியிருந்து, முதுமையில் அக்கியாகத் தலைகாட்டுகிறது அல்லவா, அதுவும் இந்தக் குடும்பம்தான். குதிரைகளுக்கு இந்தக் குடும்பத்தில் பல வைரஸ்கள் இருக்கின்றன. கருச்சிதைவையும் பக்கவாதத்தையும் உண்டாக்கும் முதல் வகையைக் கண்டு குதிரைப்பண்ணைகள் அஞ்சும். ஐந்தாம் வகையைக் கண்டு யாரும் அஞ்சியதில்லை. ஆய்வகத்தில் மிக மெதுவாக வளரும், நோயாளி ஆரோக்கியசாலி என்ற பேதமின்றி எந்தக் குதிரையிலும் தென்படும், பெரிதாக ஒன்றும் செய்யாது என்று அதை ஒதுக்கி வைத்திருந்தார்கள். அது எந்தக் கிளையைச் சேர்ந்தது என்பதில்கூட நெடுநாள் தவறு இருந்தது. மெதுவாக வளர்வதை வைத்துப் பீட்டா கிளையில் சேர்த்திருந்தார்கள். மரபுப்பொருளைப் படித்த பிறகே காமா கிளைக்கு மாற்றினார்கள். அந்த மாற்றம் முக்கியமானது. மனிதர்களில் புற்றுநோயோடு சேர்த்துப் பேசப்படும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருப்பதும் காமா கிளையில்தான்.

குதிரைக்குட்டிகள் பிறந்த சில மாதங்களுக்குள்ளேயே, தாயிடமிருந்தோ உடன் மேயும் குட்டிகளிடமிருந்தோ, இந்த வைரஸைப் பெற்றுவிடுகின்றன. உலகில் எங்கெல்லாம் தேடினார்களோ அங்கெல்லாம் கிடைத்திருக்கிறது. ஐஸ்லாந்தில் வெளியிலிருந்து குதிரைகளைக் கொண்டுவர நூற்றாண்டுகளாகத் தடை. போட்டிக்காக வெளிநாடு சென்ற ஐஸ்லாந்துக் குதிரைகூடத் தன் ஊருக்குத் திரும்ப முடியாது. அவ்வளவு கட்டுக்காவலில் தனித்து வளர்ந்த குதிரைகளிலும் இந்த வைரஸ் இருக்கிறது. அப்படியானால் குதிரையும் இதுவும் மிக நீண்ட காலமாகச் சேர்ந்தே பயணம் செய்பவை என்று ஊகிப்பதில் பிழையிருக்காது.

ஆரோக்கியமான குதிரையின் மூக்கிலும் இரத்தத்திலும் சாதாரணமாகக் கிடைக்கும் ஒன்று நோயுற்ற குதிரையிலும் கிடைத்தது என்றால் அதற்கு என்ன பொருள்? கொலை நடந்த தெருவில் தினமும் நடந்துபோகிறவனின் காலடித் தடம் அங்கே இருப்பதில் வியப்பென்ன என்று எந்த வக்கீலும் கேட்பான். வேறொரு சாத்தியமும் உண்டு. நுரையீரல் வேறு ஏதோ காரணத்தால் பழுதடைந்து, உடலின் காவல் தளர்ந்தபோது, உறங்கிக்கிடந்த வைரஸ் எழுந்து பெருகியிருக்கலாம். அப்போது வைரஸ் நோயின் விளைவு. ‘தொடர்பு’ என்ற சொல் இந்தச் சாத்தியங்கள் அனைத்துக்கும் இடம் விட்டது. 2007-ல் அந்த ஆய்வாளர்கள் அந்தச் சொல்லோடு நின்றது கோழைத்தனம் அல்ல, நேர்மை.

ஆனால் அவர்கள் அங்கேயே நின்றுவிடவும் இல்லை. 2013-ல் வெளியான அடுத்த ஆய்வில், நோயுற்ற குதிரைகளிலிருந்து பிரித்தெடுத்த வைரஸை ஆரோக்கியமான குதிரைகளின் நுரையீரலுக்குள் செலுத்திப் பார்த்தார்கள். அக்குதிரைகளின் நுரையீரலில் முடிச்சுகள் தோன்றின. ஒரு மில்லிகிராம் திசுவில் கொலாஜனின் சராசரி அளவு வைரஸ் செலுத்தப்பட்ட குதிரைகளில் 80 மைக்ரோகிராம், செலுத்தப்படாதவற்றில் 26. ஒரு காமா ஹெர்பீஸ் வைரஸ் தன் இயற்கையான ஓம்புயிரியிலேயே நுரையீரல் நார்த்திசுவை உண்டாக்க முடியும் என்பதற்கு இதுவே முதல் சோதனைச் சான்று. அதற்கு முன் இருந்த எலிச் சோதனைகள் சிலவற்றில் நோய் எதிர்ப்புத் திறன் குறைபட்ட எலிகளுக்கு, ஆய்வக எலிக்கு இயல்பாக வராத ஒரு வைரஸைக் கொடுத்திருந்தார்கள்.

இதில் என்னை ஆழமாகத் தொட்டது வேறொரு செய்தி. தாமே செலுத்திய வைரஸை அக்குதிரைகளின் உடலில் மீண்டும் கண்டுபிடிப்பது அந்த ஆய்வாளர்களுக்கு மிகக் கடினமாக இருந்தது. தழும்பு இருக்கிறது, தழும்பை உண்டாக்கியது கண்ணில் படவில்லை. உறங்கும் நிலையில் இருந்தபடியே அது நார்த்திசுவைத் தூண்டுகிறது என்று அவர்கள் கருதுகிறார்கள். இருப்பது குற்றத்துக்குச் சான்றல்ல என்று முன்பு பார்த்தோம். தேடிக் கிடைக்காமல் போவது குற்றமின்மைக்குச் சான்றல்ல என்பதை இந்தச் சோதனை காட்டுகிறது.

ஆக, நுரையீரல் நோயைப் பொறுத்தவரை ஆறு ஆண்டுகளில் ‘தொடர்பு’ ஒரு படி ஏறிவிட்டது. விளைவிக்கக்கூடியது என்று சொல்லலாம். இருக்குமிடமெல்லாம் விளைவிக்கும் என்று சொல்ல முடியாது. அவ்வைரஸைச் சுமக்கும் பெருவாரியான குதிரைகள் நன்றாக மூச்சுவிட்டபடி மேய்ந்துகொண்டிருக்கின்றன. சிலவற்றில் மட்டும் அது ஏன் தழும்பாக மாறுகிறது என்ற கேள்விக்கு இன்னும் விடையில்லை.

*

இனி புற்றுநோய்க்கு வருவோம். செய்தித் தலைப்புகள் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகின்றன. என் குறை அங்கேதான்.

குதிரைகளுக்கு வரும் இரத்தப் புற்றுநோய் வகைகளில் அதிகம் காணப்படுவது லிம்ஃபோமா. நிணநீர்ச் செல்கள் கட்டுப்பாடின்றிப் பெருகும் நோய். நிணநீர் முடிச்சுகள், குடல், மார்புக்கூடு, தோல் என்று எங்கும் வரலாம். லிம்ஃபோமா வந்த சில குதிரைகளின் கட்டிகளில் இந்த ஐந்தாம் வைரஸ் கிடைத்திருக்கிறது. நுரையீரல் முடிச்சு நோயும் லிம்ஃபோமாவும் ஒருங்கே இருந்த குதிரைகளும் மருத்துவக் குறிப்புகளில் உண்டு. வைரஸோ புற்றுநோய்க்குப் பேர்போன கிளையைச் சேர்ந்தது. சந்தேகிக்க எல்லா நியாயமும் இருக்கிறது.

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். காமா ஹெர்பீஸ் வைரஸ்கள் பதுங்கி வாழ்வதே நிணநீர்ச் செல்களில்தான். அந்தச் செல்களே கட்டியாகப் பெருகும்போது, உள்ளே குடியிருப்பதும் அங்கே இருக்கத்தான் செய்யும். வீடு தீப்பற்றியபோது உள்ளே இருந்தான் என்பதற்காகக் குடியிருந்தவன்தான் கொளுத்தினான் என்று சொல்ல முடியுமா? கொளுத்தியும் இருக்கலாம். அதைக் காட்ட வேறு சான்று வேண்டும்.

எப்படிப்பட்ட சான்று என்பதை மனித வைரஸின் வரலாறு சொல்கிறது. உகாண்டாவில் பணியாற்றிய டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், அங்குள்ள குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு விசித்திரமான கட்டியைப் பற்றி 1958-ல் எழுதினார். 1961-ல் லண்டனில் அவர் ஆற்றிய உரையைக் கேட்டவர்களில் ஒருவர் ஆன்டனி எப்ஸ்டீன். உகாண்டாவிலிருந்து விமானத்தில் வந்த கட்டித் திசுக்களை வளர்த்து, எலக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்து, 1964-ல் எப்ஸ்டீன், பெர்ட் அச்சாங், இவான் பார் மூவரும் ஒரு புதிய ஹெர்பீஸ் வைரஸை அறிவித்தார்கள். அப்போதே கதை முடிந்துவிட்டது என்று தோன்றும். முடியவில்லை. அந்த வைரஸ் உலகின் வயதுவந்தோரில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இருப்பது பின்னர் தெரியவந்தது. பர்கிட் கட்டியோ ஆப்பிரிக்காவின் மலேரியா மிகுந்த பகுதிகளில் குழந்தைகளுக்கே அதிகம் வந்தது. எங்கும் இருப்பது எப்படி ஓரிடத்து நோய்க்குக் காரணமாகும்?

விடை சிறுகச் சிறுகத்தான் வந்தது. ஆய்வகத்தில் இந்த வைரஸ் நிணநீர்ச் செல்களைச் சாகாமல் பெருகும் செல்களாக மாற்றுவது காட்டப்பட்டது. மூக்குத்தொண்டைப் புற்றுநோயை ஆராய்ந்தவர்கள் 1986-ல், ஒரு கட்டியின் எல்லாச் செல்களிலும் வைரஸின் மரபுப்பொருள் ஒரே வடிவத்தில் இருப்பதைக் கண்டார்கள். முதல் செல் கெட்டுப்போவதற்கு முன்பே வைரஸ் அதற்குள் இருந்திருந்தால்தான் அது சாத்தியம். பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டிருந்தால் செல்லுக்குச் செல் வடிவம் வேறுபட்டிருக்கும். இடையில் மலேரியா உடலின் காவலைக் குலைத்து வைரஸுக்கு வழிவிடுவதும் புரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த வைரஸை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் பட்டியலில் சேர்த்தது 1997-ல். கண்டுபிடிப்பிலிருந்து 33 ஆண்டுகள்.

குதிரையின் லிம்ஃபோமாவில் இத்தகைய சான்று இதுவரை நிலைநாட்டப்படவில்லை. நுரையீரல் நோயில் 2007-க்கும் 2013-க்கும் இடையே நடந்த பயணம் புற்றுநோயில் நடக்கவில்லை. ஆகவே ‘புற்றுநோயும் நுரையீரல் நோயும் தரும் வைரஸ்’ என்று எழுதுகிறவர் இரண்டு வேறு உயரங்களில் இருக்கும் உண்மைகளை ஒரே பலகையில் வைக்கிறார். ஒன்றின் நம்பகத்தன்மை மற்றதற்குக் கடனாகப் போகிறது. பிற்காலத்தில் புற்றுநோய்ச் சந்தேகம் பொய்த்தால், நுரையீரல் பற்றிய உண்மையையும் சேர்த்து வாசகன் தூக்கி எறிவான்.

*

இதற்கு ஒரு வலுவான மறுப்பு இருக்கிறது. அதை நானே சொல்லிவிடுவது முறை.

‘தொடர்புதான், காரணம் நிரூபிக்கப்படவில்லை’ என்ற வாக்கியத்தை உலகில் அதிகம் பயன்படுத்தியவர்கள் சிகரெட் வியாபாரிகள். ரிச்சர்ட் டாலும் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில்லும் புகைப்பதற்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை 1950-ல் வெளியிட்டார்கள். 1954-ல் அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் நூற்றுக்கணக்கான நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, இன்னும் நிரூபணமாகவில்லை என்ற சந்தேகத்தை விதைத்தன. அந்தச் சந்தேகத்தின் நிழலில் எத்தனையோ பேர் புகைத்து மாண்டார்கள். சொல்லில் கறாராக இரு என்று நான் கேட்பது அந்த வியாபாரிகளின் குரலைப் போல ஒலிக்கவில்லையா?

ஒலிக்கிறது. அதனால்தான் பிராட்ஃபோர்ட் ஹில் 1965-ல் ஆற்றிய உரை எனக்கு முக்கியமாகப்படுகிறது. தொடர்பிலிருந்து காரணத்துக்குப் போக எவற்றையெல்லாம் பார்க்க வேண்டும் என்று ஒன்பது கோணங்களை வகுத்துத் தந்த அவர், அவற்றில் எதுவும் அசைக்க முடியாத நிரூபணமாகாது என்றும் சொன்னார். இறுதியில், அறிவியலறிவு எப்போதும் முழுமையற்றதுதான், அந்தக் குறையைச் சாக்கிட்டு இன்று செய்ய வேண்டியதை நாளைக்குத் தள்ளும் உரிமை நமக்கில்லை என்ற கருத்தோடு முடித்தார். சொல்லில் கறாராக இருப்பதும் செயலில் தயங்காமல் இருப்பதும் ஒன்றுக்கொன்று எதிரானவை அல்ல. சொல்லின் கறாரைச் செயலின் தயக்கமாக மாற்றியதுதான் புகையிலைக்காரர்களின் மோசடி.

குதிரை மருத்துவர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருக்கிறார்கள். எதிரே ஐந்நூறு கிலோ எடையுள்ள விலங்கு மூச்சுக்குத் திணறிக்கொண்டு நிற்கிறது. தனக்கு எங்கே வலிக்கிறது என்று அது சொல்லாது. திசு ஆய்வு முடிச்சு நோய் என்கிறது. வைரஸைக் கொல்லும் தடுப்பூசியோ உறுதியான மருந்தோ இல்லை. அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு கொடுக்கிறார்கள். அதுவே உடலின் காவலைத் தளர்த்தி வைரஸை எழுப்பிவிடக்கூடும் என்று தெரிந்தே கொடுக்கிறார்கள். அசைக்ளோவிர் போன்ற வைரஸ் எதிர்ப்பு மருந்தையும் சேர்க்கிறார்கள். அதை வாய்வழி கொடுத்தால் குதிரையின் உடல் மிகக் குறைவாகவே ஏற்கும் என்பதால், ஏற்புத்திறன் மிகுந்த வாலசைக்ளோவிரை நாடுகிறார்கள். செலவு அதிகம். பல குதிரைகள் பிழைப்பதில்லை. சில பிழைக்கின்றன. பிழைத்தவை மருந்தால் பிழைத்தனவா என்பதற்கும் பெரிய ஒப்பீட்டு ஆய்வுகளின் துணை கிடையாது. இவ்வளவையும் உரிமையாளரிடம் சொல்லி, முயன்று பார்க்கலாமா, துன்பம் நீளாமல் முடித்துவைக்கலாமா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

அந்தத் தருணத்தில் சொல்லின் எடை தெரியும். எக்ஸ்ரேயில் முடிச்சுகளைப் பார்த்ததுமே ‘புற்றுநோய்’ என்று சொல்லப்பட்ட உரிமையாளர் அந்த இடத்திலேயே ஊசி போடச் சொல்லிவிடலாம். தழும்பு நோய், வைரஸ் காரணமாக இருக்கக்கூடும், சில குதிரைகள் மீண்டிருக்கின்றன என்று சொல்லப்பட்டவர் இரண்டு வாரம் காத்துப் பார்க்கலாம். சாதாரண மூக்குச் சோதனையில் இந்த வைரஸ் தெரிந்ததற்காக, நலமாக உள்ள குதிரையைப் புற்றுநோய்க் குதிரை என்று ஒருவர் ஒதுக்கிவைக்கவும் கூடும். பி.சி.ஆர். சோதனை என்றால் என்னவென்று 2020-க்குப் பிறகு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அது இருப்பதைக் காட்டும். இருப்பது என்ன செய்கிறது என்பதைக் காட்டாது.

*

தமிழில் அறிவியல் எழுதும் நண்பர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமில்லை. உடனிருக்கிறது, தொடர்புடையது, பங்கு வகிக்கிறது, விளைவிக்கிறது என்று நான்கு படிகளுக்கு நான்கு சொற்கள் வழக்கிலேயே இருக்கின்றன. எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்த்துச் சொல்லைப் போட்டால் போதும். ஐந்தாம் ஹெர்பீஸ் வைரஸ் குதிரையின் லிம்ஃபோமாவில் சில நேரம் உடனிருக்கிறது. முடிச்சு நோயோடு தொடர்புடையது, அதை விளைவிக்கவும் வல்லது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் பர்கிட் கட்டியில் மலேரியாவோடு சேர்ந்து பங்கு வகிக்கிறது. இவ்வாறு எழுதினால் தலைப்பு சற்று நீளும், பரபரப்பு குறையும். வாசகனை ஏமாற்றாமல் இருப்பதற்கு அது பெரிய விலையல்ல.

அப்பாவின் நோய்க்குத் திரும்புகிறேன். காரணம் தெரியாத நுரையீரல் நார்த்திசு நோய் வந்த மனிதர்களின் நுரையீரலிலும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் மற்றவர்களைவிட அதிகமாகக் கிடைப்பதாக 1990-களிலிருந்து பல ஆய்வுகள் சொல்லிவந்திருக்கின்றன. குதிரைகளின் நோய் மனித மருத்துவர்களின் கவனத்தைப் பெற்றதற்கு அதுவும் ஒரு காரணம். மனிதரில் இந்த விஷயம் இன்னும் ‘தொடர்பு’ என்ற படியில்தான் நிற்கிறது.

இதை முதலில் வாசித்த இரவில் அம்மாவை எழுப்பிச் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். ஒரு வைரஸ்தான் காரணமாம், உன் சாம்பிராணி இல்லை என்று. அம்மா நம்பியிருப்பாள், அதன் பிறகு நிம்மதியாகத் தூங்கியும் இருப்பாள். சொல்லவில்லை. அப்பாவின் நுரையீரலில் யாரும் அந்த வைரஸைத் தேடவில்லை. தேடிக் கிடைத்திருந்தாலும், பத்தில் ஒன்பது பேரிடம் இருப்பது அவரிடமும் இருந்தது என்பதற்கு மேல் அதை வைத்து எதையும் சொல்லியிருக்க முடியாது.

சில நாள் கழித்து வேறொன்றைச் சொன்னேன். அப்பாவுக்கு எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது, தேடிக்கொண்டிருக்கிறார்கள், குதிரைகளில்கூடத் தேடுகிறார்கள் என்று. குதிரைக்குமா இந்த நோய் வருகிறது என்று அம்மா கேட்டாள். வருகிறது என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “பாவம், அதுக்கு யாரு சாம்பிராணி போட்டா” என்றாள்.